கண்ணில் மஞ்சள், காகிதத்தில் ஓர் எண்

உங்கள் வீட்டு அலமாரியில், ரேஷன் அட்டையும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களும் இருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள், ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை மடித்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். அதில் பிலிருபின் என்ற சொல்லுக்கு எதிரேயுள்ள எண் மாத்திரம் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்த அறிக்கையிலும் அப்படியே. அடுத்த ஆண்டிலும் அப்படியே. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலைக்கும் போய் வருகிறீர்கள். ஆயினும் இரவில் படுக்கும்போது வலது விலாவின் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறீர்கள். காலையில் கண்ணாடி முன் நின்று இமையை விரித்துக் கண்ணின் வெள்ளையைச் சோதிக்கிறீர்கள். ஈரல் கெட்டுப்போகிறதோ என்ற எண்ணம் உங்களை விட்டு நீங்குவதில்லை.

உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லேன். வேதாகமக் கல்லூரியில் படித்த ஒரு போதகன். ஆனால் இந்த ஓர் எண்ணின் நிமித்தம் ஒரு வாலிபன் ஏறக்குறைய ஒன்றரை வருடம் வருந்தியதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நலம்.

2017-ஆம் ஆண்டு மழைக்காலம். மும்பை தாராவியில் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த அவனுக்கு அப்போது 23 வயது. ஏ.சி. மெக்கானிக் வேலை கற்றிருந்தான். பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தகப்பனார் மரித்துவிட்டார். தாயார் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து விற்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். வளைகுடா நாடு ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. விசாவுக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மொத்த பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 2.4 மில்லிகிராம் என்று வந்தது. இயல்பான அளவு ஏறக்குறைய 1.2-க்குள் இருக்க வேண்டும். தகுதியில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணத்தை விளக்கிச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

வேலை போனதைவிடப் பெரிய துன்பம் அதற்குப் பின்புதான் வந்தது. ஈரலில் கோளாறு என்றவுடன் நம் ஜனங்களின் மனதில் முதலாவது எழுகிற கேள்வி எது என்பதை நீங்கள் அறிவீர்கள். பையன் இரகசியமாய்க் குடிக்கிறான் என்று சந்திலே பேச்சு எழும்பிற்று. பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் ஒரு வாலிபன்மேல் இந்தப் பெயர் விழுந்தால் அது எவ்வளவு பாரமானது என்பதை வெளியார் அறியமாட்டார்கள். நானும் ஒரு மாலை அவனைத் தனியே அழைத்து, "தம்பி, என்னிடம் உண்மையைச் சொல், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாஸ்டர், நீங்களுமா?" என்று மாத்திரம் கேட்டான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அவன் சொன்னதை நம்பினேன். நம்பிய பின்பு செய்ததுதான் எனது இரண்டாவது பிழை. அவனுக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் ஏற்படுத்தினேன். அவனும் தண்ணீர் மாத்திரம் குடித்து எங்களோடுகூட உபவாசித்தான். நான்காம் நாள் காலையில், நற்செய்தியோடு திரும்புவோம் என்று எண்ணி, நானே அவனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். அறிக்கையில் 4.1 என்று இருந்தது. அவனுடைய கண்கள் அன்று யார் பார்த்தாலும் தெரியும்படி மஞ்சளாயிருந்தன. தாயார் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர், எண் தெரியும். "ஐயா, ஏறிப்போயிருக்கிறதே" என்றார்.

அதன்பின் வீட்டிலே எண்ணெய் நின்றது, மீன் நின்றது, முட்டை நின்றது. காலையில் கீழாநெல்லிச் சாறு. யாரோ சொன்னார்கள் என்று காமாலை இறக்குகிறவரிடம் கொண்டுபோனார்கள். அவர் கையில் ஏதோ சாற்றைத் தடவி, சுண்ணாம்பு நீர் ஊற்றிக் கழுவினார். நீர் மஞ்சளாய் ஓடிற்று. காமாலை இறங்கிவிட்டது என்றார். மரப்பட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் நீர் மஞ்சளாகும். ஆரோக்கியமான உங்கள் கையைக் கழுவினாலும் அப்படியே ஆகும். வாலிபன் எட்டுக் கிலோ எடை இழந்தான். எண்ணோ இரண்டுக்குக் கீழே வரவேயில்லை.

கடைசியில் ஒரு மாநகராட்சி மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில், வரிசையில் நான்கு மணி நேரம் நின்று, ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தோம். அவர் எல்லா அறிக்கைகளையும் மேஜையின்மேல் தேதி வரிசையில் பரப்பிவைத்து, இந்தியில் இரண்டே கேள்விகள் கேட்டார். ஒவ்வொரு முறையும் இரத்தம் கொடுப்பதற்கு முன் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாய்? பிலிருபினை இரண்டாகப் பிரித்துப் பார்த்த அறிக்கை எங்கே? முதல் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது கேள்விக்குரிய பரிசோதனையை அதுவரை ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அன்பான வாசகரே, அந்த இரண்டு கேள்விகளும் ஏன் முக்கியமானவை என்பதைச் சற்றுப் பொறுமையாய்க் கேளுங்கள். நம்முடைய சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அவற்றிலிருக்கும் சிவப்புப் பொருள் சிதையும்போது உண்டாகிற மஞ்சள் நிறக் கழிவே பிலிருபின். இது எல்லாருடைய சரீரத்திலும் ஒவ்வொரு நாளும் உண்டாகிறது. முதலில் இது தண்ணீரில் கரையாது. ஆகையால் சிறுநீரில் வெளியேற முடியாது. இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதம் இதைச் சுமந்துகொண்டு ஈரலுக்குக் கொண்டுபோகிறது. ஈரலில் ஒரு நொதி, சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தை இதனோடு இணைத்து, தண்ணீரில் கரையக்கூடியதாக மாற்றுகிறது. பின்பு அது பித்தநீரோடு குடலுக்குச் சென்று மலத்துக்கு நிறம் கொடுத்து வெளியேறுகிறது. ஈரல் இணைப்பதற்கு முன் உள்ளதை இன்டைரக்ட் என்றும், இணைத்த பின் உள்ளதை டைரக்ட் என்றும் அறிக்கையில் அச்சிடுவார்கள். இரண்டும் சேர்ந்ததே மொத்தம்.

மொத்தத்தை மாத்திரம் பார்த்தால் ஒன்றும் விளங்காது. டைரக்ட் அதிகமாயிருந்தால், ஈரல் தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் வெளியே அனுப்ப முடியவில்லை என்று பொருள். ஈரல் அழற்சியோ பித்தக் குழாய் அடைப்போ இருக்கலாம். இன்டைரக்ட் மாத்திரம் அதிகமாயிருந்தால், ஒன்று சிவப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சி அழிகின்றன, அல்லது இணைக்கிற அந்த நொதி குறைவாயிருக்கிறது. எங்கள் வாலிபனுக்குப் பிரித்துப் பார்த்தபோது மொத்தம் 2.3, டைரக்ட் 0.3. மற்றதெல்லாம் இன்டைரக்ட். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., அல்கலைன் பாஸ்படேஸ், ஆல்புமின் யாவும் இயல்பு. இரத்த அணுக்களின் எண்ணிக்கையும், இளம் சிவப்பணுக்களின் விகிதமும் இயல்பு. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. வயிற்று ஸ்கேனில் ஈரலும் மண்ணீரலும் பித்தப்பையும் சுத்தமாயிருந்தன. மருத்துவர் ஒரு சொல்லை எழுதினார்: கில்பர்ட்.

பிரெஞ்சு மருத்துவர் அகுஸ்தீன் கில்பர்ட் என்பவரும் பியேர் லெரபூலே என்பவரும் 1901-இல் விவரித்த நிலை இது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஷில்பேர். நம் மருத்துவமனைகளில் கில்பர்ட். காரணமான மரபணு மாற்றம் 1995-இல் கண்டறியப்பட்டது. அந்த நொதியை உண்டாக்கக் கட்டளையிடுகிற பகுதியில் ஆறு முறை வரவேண்டிய ஓர் எழுத்துச் சேர்க்கை ஏழு முறை வந்துவிடுகிறது. அதனால் நொதியின் வேலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. பத்துப் பேர் உட்கார்ந்து பொதி கட்ட வேண்டிய கொட்டகையில் மூன்று பேர் கட்டினால் என்ன ஆகும்? வேலை நடக்கும். சரக்கு வெளியேறும். வாசலில் மாத்திரம் எப்போதும் கொஞ்சம் மூட்டை தேங்கியிருக்கும். கொட்டகைக்கு ஒரு சேதமும் இல்லை.

நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர்வரை இந்த நிலையோடு பிறக்கிறார்கள். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு இருநூறு பேர் வருகிறார்கள் என்றால், அவர்களில் ஆறு பேருக்காவது இருக்கலாம். பெரும்பாலோர் அறியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். பொதுவாய் வாலிபப் பிராயத்தில் வெளிப்படும். ஆண்களிடத்தில் அதிகமாய்க் காணப்படும். எண் பெரும்பாலும் 3-க்குக் கீழேயே ஏறியும் இறங்கியும் நிற்கும். இது ஈரலை அரிப்பதில்லை, சிரோசிஸாக மாறுவதில்லை, ஆயுளைக் குறைப்பதில்லை. சிகிச்சை வேண்டியதில்லை, ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பதும் வேண்டியதில்லை. சற்று உயர்ந்த பிலிருபின் உள்ளவர்களுக்கு இருதய நோய் குறைவாய் இருப்பதாகக்கூடச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அது காரணமா, தற்செயலா என்பது முடிவாகவில்லை. பித்தப்பைக் கல் உண்டாகும் வாய்ப்பு மாத்திரம் சற்று அதிகம் என்கிறார்கள்.

இப்போது அந்த 4.1-க்கு வருகிறேன். கில்பர்ட் உள்ளவர்களுக்குப் பட்டினி, நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல், தூக்கமின்மை, கடும் உழைப்பு ஆகியவை பிலிருபினை ஏற்றிவிடும். எல்லாவற்றிலும் பட்டினியே முதன்மையானது. முற்காலத்தில் இதை உறுதிப்படுத்துவதற்கென்றே, நோயாளிக்கு இரண்டு நாள் ஒரு நாளைக்கு 400 கலோரி உணவு மாத்திரம் கொடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்ப்பார்களாம். வேத வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே நான் அவனுக்கு அந்தப் பரிசோதனையைத்தான் நடத்தியிருக்கிறேன்! வழக்கமாய் உண்ணத் தொடங்கினால் ஓரிரு நாளில் எண் இறங்கிவிடும். ஆனால் அவன் வீட்டார் பயத்தினால் உணவைக் குறைத்தார்கள். குறைத்ததினால் எண் நின்றது. எண் நின்றதினால் இன்னும் குறைத்தார்கள்.

ஆகையால், உங்கள் எண் குறையாமல் நிற்கிறதென்றால், பிரித்துப் பார்த்த அறிக்கையை மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதனைக்கு முந்தின நாள் வழக்கம்போல் உண்டு, தண்ணீர் குடித்து, உறங்கிப் போங்கள். இரவுப் பணி முடித்து நேராகப் போய் இரத்தம் கொடுக்கிற வழக்கம் நம் வாலிபர்களுக்கு உண்டு. அன்று வருகிற எண்ணை நம்பவேண்டாம். சில மாத இடைவெளியில் மீண்டும் பார்த்து, இன்டைரக்ட் மாத்திரம் உயர்ந்தும் மற்றவை இயல்பாயும் இருந்தால், மருத்துவர் பெரும்பாலும் கில்பர்ட் என்ற முடிவுக்கு வருவார். மரபணுப் பரிசோதனை உண்டு. ஆனால் அநேகருக்கு அதற்குச் செலவிட அவசியமில்லை.

இதை வாசித்துவிட்டு, எனக்கும் அதுதான் என்று நீங்களே தீர்த்துக்கொள்ளவும் கூடாது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அது கில்பர்ட் அன்று. நான் முன்னே சொன்னபடி இன்டைரக்ட் பிலிருபின் சிறுநீரில் இறங்காது. மலம் வெளுத்துப்போதல், உடம்பு முழுதும் அரிப்பு, வாந்தியும் காய்ச்சலும், வயிறு வீங்குதல், மலம் கறுத்துப்போதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எண் ஐந்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலும் அப்படியே. மழைக்காலத்தில் கெட்ட தண்ணீரால் பரவுகிற ஹெபடைடிஸ் ஏ, இ என்பவை நம் குடியிருப்புகளுக்குப் புதியவை அல்ல. அவற்றில் இ வகை கர்ப்பவதிகளுக்கு உயிராபத்தானது. பி, சி வகைகளோ ஓசையில்லாமல் பல வருடம் தங்கியிருந்து ஈரலைக் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பணு அழிவும் மறக்கத்தக்கதன்று. இரத்தசோகையோடு இன்டைரக்ட் பிலிருபின் உயர்ந்திருந்தால் அது வேறு விஷயம். ஜி6பிடி என்னும் நொதி குறைவாய்ப் பிறந்தவர்கள், மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் பிரைமாக்குவின் மாத்திரையை உட்கொண்டால் சிவப்பணுக்கள் சடுதியில் அழியக்கூடும். மும்பையில் மலேரியா வராத மழைக்காலம் ஏது? மாத்திரைக்கு முன் அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். அவ்வாறே, கில்பர்ட் என்று உறுதியானவர்கள் எந்தப் புதிய மருத்துவரிடம் போனாலும் அதை முதலாவது சொல்லவேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பிலிருபினை ஏற்றக்கூடியது. இரினோடீகான் என்னும் புற்றுநோய் மருந்து இவர்களுக்குக் கடுமையான பக்க விளைவுகளைத் தரலாம். அளவைக் குறைக்க வேண்டிவரும்.

மூலிகையைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. கீழாநெல்லியை நான் இகழவில்லை. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து, அதைப்பற்றி லான்செட் இதழில் நம்பிக்கையூட்டும் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதிப்படுத்தவில்லை. எப்படியாயினும் அது கிருமியைப் பற்றியது. கில்பர்ட்டில் கொல்லவேண்டிய கிருமி ஒன்றுமில்லை. கொரோனா காலத்தில் சீந்தில் கொடிச் சாற்றைக் குடிக்காதவர் யார்? 2020-இன் கடைசி மாதங்களில், அதை உட்கொண்டு ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைக் குறித்து மும்பை மருத்துவர்கள் மறு ஆண்டில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. இன்னும் பல மருத்துவமனைகளிலிருந்து அவ்வாறான செய்திகள் பின்பு வெளிவந்தன. நல்ல ஈரலைக் காப்பதாக எண்ணி அதைக் கெடுத்துக்கொள்வது எவ்வளவு துக்கமானது!

சில பிரசங்கிகள் இப்படிப்பட்ட அறிக்கையைக் கிழித்துப் போடச் சொல்கிறார்கள். அதை நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஆயினும் எண் குறைந்தால் விசுவாசம், ஏறினால் விசுவாசக் குறைவு என்று அந்தப் பையன் எண்ணிக்கொள்ளும்படி நடந்துகொண்டேன். மருத்துவர் சொன்ன அந்த வாரமே, ஞாயிறு ஆராதனையின் முடிவில், பெயரைச் சொல்லாமல், நடந்ததை எழுந்து நின்று சொன்னேன். கூட்டத்தில் அநேகருக்கு யார் என்று தெரியும். அவனைக் குடிகாரன் என்று பேசியவர்களுக்கும் தெரியும். ஆராதனை முடிந்து ஒரு சகோதரி வந்து, தன் மகனுக்கும் பத்து வருடமாய் இந்த எண்தான் என்று அழுதார்.

வளைகுடா வேலை திரும்பிவரவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவன் போய்விட்டான். அவன் இப்போது நவி மும்பையில் சொந்தமாய் ஏ.சி. பழுதுபார்க்கும் தொழில் செய்கிறான். பெண் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். அறிக்கைகளைப் பெண் வீட்டார் முன் வைத்தோம். இது தொற்றுகிறதன்று, மரபணு வழியாய்ப் பிள்ளைகளுக்கு வரக்கூடும், வந்தாலும் கேடு செய்யாது என்பதை, மருத்துவர் சொன்னபடியே, நான் சொன்னேன். பெண்ணின் தகப்பனார் கொஞ்ச நேரம் யோசித்து, "பையன் சாப்பாட்டு விஷயத்தில் நேரம் தவறக்கூடாது, அவ்வளவுதானே?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

மாதத்தின் முதல் வெள்ளி எங்கள் சபையில் இன்றும் உபவாச ஜெபம் உண்டு. சர்க்கரை வியாதியஸ்தர், கர்ப்பவதிகள், காசநோய்க்கு மருந்து உட்கொள்வோர், அவனைப்போன்றோர் யாவரும் உண்டுவிட்டு வந்து ஜெபத்தில் உட்காரலாம் என்று முந்தின ஞாயிறு அறிவித்துவிடுகிறோம். அவன் தவறாமல் வருகிறான். அன்று காலையில் நான்கு இட்லியைத் தட்டில் வைத்து, அவன் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கிறவரை, தாயார் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.